தட்டான்பாறையில் விளைந்த பாலம்

நாணலோடைக்குக் குறுக்கே பரஞ்சோதி கட்டிய பாலம், கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்பும் அடித்து முடித்து, கலவை மெஷினைக் கழுவி லாரியில் ஏற்றி, வேலை பார்த்த அத்தனை பேருக்கும் ஓடைக்கரையிலேயே கறிச்சோறு போட்டு அனுப்பிவைத்த மறுநாள் காலையில், ஒரு முழம் வளர்ந்திருந்தது.

அதை முதலில் கண்டவர்கள் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்கள். காண்ட்ராக்டர் ஏதோ மிச்ச வேலையை முடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கு மறுநாள் இன்னொரு முழம் நீண்டபோது, நல்ல மனுசன், பேசினதுக்கு மேலயும் செய்யுதாரு என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள். பரஞ்சோதிக்கு விஷயம் தெரிந்தது, உதவிப் பொறியாளர் ரஹ்மத் நிஷா அளவெடுக்க வந்த அன்றைக்குத்தான். மேலக்கோடனூர்ப் பக்கத்து நுனியில் அவர் டேப்பைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண் தட்டான்பாறைப் பக்கத்து நுனிவரை நடந்து போய்ப் பார்த்தார், டேப்பை உதறிவிட்டு மறுபடியும் பார்த்தார், பிறகு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"அண்ணாச்சி, அக்ரிமென்ட் எத்தனை மீட்டர்?"

"நாப்பத்தஞ்சு, மேடம்."

"இது நாப்பத்தேழு இருக்கு."

"இருக்காதே. நான் நாப்பத்தஞ்சுக்குத்தான் சிமெண்டு வாங்கினேன்."

மறுநாள் வேறொரு டேப்போடு வந்து அளந்தபோது அது இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. ரஹ்மத் நிஷா குனிந்து, பாலத்தின் நுனியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெயில் ஏறாத அந்த நேரத்திலும், அன்றைக்குப் பிறந்த ஆட்டுக்குட்டியின் முதுகுபோல அது இளஞ்சூடாக இருந்தது. வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று சொல்கிற குரலில் அவர் சொன்னார்: "வளருது அண்ணாச்சி."

பரஞ்சோதி இருபது வருஷத்துக்கும் மேலாக அரசாங்க வேலை எடுத்துச் செய்கிறவர். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், ரேஷன் கடை, தரைப்பாலம் என்று கைக்கு அடக்கமான வேலைகளாகவே செய்து வந்தவருக்கு, நிஜமான பாலம் என்று சொல்லிக்கொள்ள இதுதான் முதலாவது. ஆசையில் விலையைக் குறைத்துப் போட்டு டெண்டரைப் பிடித்து, வீட்டுப் பத்திரத்தை சிமெண்டுக் கடையிலும் மனைவி ஜெபக்கனியின் சங்கிலியை வங்கியிலும் வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தார். இந்தத் தொழிலில் பணம் வருகிற வழி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு பில், தூண் எழும்பினால் ஒரு பில், ஒவ்வொரு பில்லிலும் துறை ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் பொறியாளர் அளந்து பார்த்து, வேலை ஒப்பந்தப்படி பூர்த்தியானது என்று சான்றிதழ் எழுதித் தந்தால்தான் கடைசி பில் பாஸாகும். பிடித்து வைத்த பணமோ அதற்கும் பிறகு, பராமரிப்புக் காலம் முழுக்க விரிசல் விடாமல் இருந்தால்தான் திரும்பி வரும். குறித்த தேதிக்குள் பூர்த்தியாகாவிட்டால் நாள்தோறும் அபராதம் ஏறும். இத்தனைக்கும் மையப்புள்ளி அந்த ஒரு சொல்தான், பூர்த்தி.

"வளந்துக்கிட்டு இருக்கிற ஒண்ணைப் பூர்த்தியாயிட்டுன்னு நான் எப்படி அண்ணாச்சி எழுதுவேன்?" என்று கேட்டார் ரஹ்மத் நிஷா. வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாதவர். ஒரு கம்பி குறைந்தாலும் பிரிக்கச் சொல்கிறவர். பிரித்துக் கட்டிய பிறகு, முகம் கோணாமல் செய்தீர்களே என்று நன்றியும் சொல்கிறவர்.

"எழுத முடியாதுதான்," என்றார் பரஞ்சோதி. அவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

சான்றிதழ் இல்லாததால் தட்டான்பாறைக்கு விடுவதாகச் சொல்லியிருந்த பஸ்ஸும் வரவில்லை. பாலத்தின் வாயில் இரண்டு தார் டின்னை வைத்துக் குறுக்கே கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் கயிற்றுக்குக் கீழே குனிந்து போய் வந்தார்கள், ஆடுகளுக்குக் குனிய வேண்டிய அவசியம்கூட இல்லை. பாலம் அணுகுசாலைச் சரிவை ஒரு ஓரமாக விட்டுவிட்டு, ஆள் உயரத்துக்கு மேலே நேராக வயல்வெளிக்குள் நீண்டுகொண்டு போனது. ஐப்பசி மழை விழுந்ததும் வாழைக்குருத்துபோல வேகம் பிடித்தது. எட்ட வேண்டிய தூரம் எட்டியதும் ஒரு தூணை இறக்கும், அந்தத் தூணையும் பயிருக்கு நடுவே ஊன்றாமல் வரப்பு பார்த்து ஊன்றும். கைப்பிடிச் சுவரும் கூடவே வளர்ந்தது, அதில் மஞ்சளும் கறுப்பும் வரிசை பிசகாமல் வந்தன. மழைத் தண்ணீர் வடியும் குழாய்கூட இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ரஹ்மத் நிஷா சோதனைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, அண்ணாச்சி, இது நீங்க போட்டதைவிடக் கெட்டியா இருக்கு என்று சொன்னபோது பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதுபோல ஒரு தூணில் யாரோ கரியால் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள், அதோடு ஆச்சரியம் தீர்ந்தது. மிளகாய் காயப்போட இதைவிட நல்ல இடம் இல்லை என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். பாலத்தின் அடியில் நிழல் விழுந்த வயல்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு நடவு நட்டவர்கள் மதியச் சோற்றை அந்த நிழலில் வைத்துச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, எங்க வயலுக்கும் வருமா என்று பக்கத்து வயல்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நுனியில் ஏறி இறங்க ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருந்தார்கள், பாலம் நகர நகர ஏணியையும் நகர்த்துவதை இளவட்டங்கள் முறைவைத்துச் செய்தார்கள். டீக்கடைக்காரர் தள்ளுவண்டியைப் பாலத்தின் மேலேயே கொண்டுபோய், நுனிக்குக் கொஞ்சம் இப்பால் நிறுத்தினார், அதனால் கடை எங்கே என்று கேட்பவர்கள், கடை இன்னைக்கு எங்கே என்று கேட்க வேண்டும் என்றானது. பெண் பார்க்க வந்தவர்களை நுனிவரை நடத்திக் கூட்டிப்போய் வயல்வெளியைக் காட்டினார்கள், அந்த வருஷம் தட்டான்பாறையில் நிறைய கல்யாணம் நிச்சயமானது.

வட்டி வளர்ந்துகொண்டிருந்தது பரஞ்சோதிக்கு மட்டும்தான். தை மாதத்தில் கோட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: அனுமதிக்கப்பட்ட நீளத்துக்கு மேல் உள்ளதை ஒப்பந்ததாரர் தம் சொந்தச் செலவில் வெட்டி அகற்ற வேண்டும், அகற்றினால் பூர்த்திச் சான்றிதழும் கடைசி பில்லும் உடனே கிடைக்கும், தவறினால் வைப்புத்தொகை பறிமுதல், இனி எந்த டெண்டரிலும் கலந்துகொள்ள முடியாது. அதைப் படிக்கக் கேட்ட ஜெபக்கனி, "வெட்டிப் போட்டுட்டு ரூவாய வாங்கிட்டு வாங்க. பாலம் நல்லா இருந்தா என்ன, நம்ம வீடு அதைவிட முக்கியம்," என்றார். பரஞ்சோதியும் அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் கான்கிரீட் உடைக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தபோது, அவரைத் தடுக்க யாரும் வரவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. மிளகாயை அள்ளி வழிவிட்டார்கள். டீக்கடைக்காரர் வண்டியைக் கரைக்குத் தள்ளிவிட்டு அவருக்கும் மெஷின் டிரைவருக்கும் டீ கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். நாற்பத்தைந்தாவது மீட்டரில் சுண்ணாம்பால் கோடு போடுவதற்காகப் பரஞ்சோதி குனிந்தபோது, நுனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தலையில் சாக்குமூட்டையோடு நடந்து வந்தார். கல்லத்திக்குடிப் பூலம்மாள். வயல்வெளிக்கும் அதைத் தாண்டி ஓடும் இன்னொரு சின்ன ஓடைக்கும் அப்பால், மலையடியில் இருக்கிற முப்பது நாற்பது வீடுதான் கல்லத்திக்குடி. அங்கே விளைகிற எலுமிச்சையை மழைக்காலத்தில் யாரும் வாங்க வருவதில்லை, சுமந்து வந்து விற்பதற்குள் பாதி அடிபட்டுப்போகும். பூலம்மாள் மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்.

"வெட்டப் போறீங்களா அண்ணாச்சி?"

"ஆமா, உத்தரவு வந்துட்டு."

"சரி. மூட்டையை இறக்கி ஏத்தாம இவ்வளவு தூரம் வந்தது இந்த நாலு மாசந்தான். அதுவே பெரிசு." அவர் நுனிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார், "எங்க ஊருக்கு வந்துட்டு இருந்துச்சு."

பரஞ்சோதியும் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் பாலம் எவ்வளவு நீளம் என்றுதான் எல்லோரும் பார்த்தார்களே தவிர, எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நேராகக் கண்ணை ஓட்டினால், வயலைத் தாண்டி, சின்ன ஓடையைத் தாண்டி, கல்லத்திக்குடியின் ஓட்டு வீடுகள் பதக்கம் கோத்ததுபோல அந்தக் கோட்டின் முடிவில் இருந்தன. முதல் தடவை இடம் பார்க்க வந்தபோது, எங்க ஊரு வரைக்கும் ரோடு வருமா என்று அங்கிருந்து வந்த சிலர் கேட்டதும், எஸ்டிமேட்டுல இல்லையே என்று தாம் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. அது உண்மையான பதில்தான். உண்மையான பதிலாக இருந்தும் அன்றைக்கு அவர்கள் திரும்பி நடந்ததைப் பார்க்க முடியாமல், அவர் அளவு நூல் பிடிக்கிறவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் சுண்ணாம்பைக் கீழே வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

"மெஷினை வண்டில ஏத்துப்பா," என்றார் டிரைவரிடம். "வாடகையில ஒண்ணும் குறைக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் ஜெபக்கனி கேட்டது ஒரே கேள்வி. "வெட்டலையா?"

"வெட்டலை."

ஜெபக்கனி சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், மறுநாள் காலையில் கிளம்பி பஸ் ஏறி மேலக்கோடனூரில் இறங்கி, கயிற்றுக்குக் கீழே குனிந்து, தன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பாலத்தின் மேலே முதன்முதலாக நடந்தார். நுனியில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். யாரோ மோர் கொடுத்தார்கள், இன்னொருத்தி ஒரு முந்தி நிறைய மிளகாய் அள்ளித் தந்தாள். திரும்பி வந்து, "இவ்வளவு அழகா வளந்ததை எப்படி வெட்டுவீக. சரி, இந்த வளையலையும் கொண்டு வைங்க," என்று கழற்றிக் கொடுத்தார்.

வேறொரு வழியும் அந்த நாட்களில் தேடி வந்தது. பில் பார்க்கிற இடத்து ஆள் ஒருவர் பரஞ்சோதியைத் தனியாகக் கூப்பிட்டு, கூடுதல் வேலை என்று எழுதி வாங்கிவிடலாம், வளர்ந்த நீளம் முழுக்க மீட்டர் கணக்கில் காசு, நமக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பரஞ்சோதி நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். வீட்டுப் பத்திரம், வளையல் எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. பிறகு, "நான் கலக்காத கலவைக்கு எப்படி சார் பில் போடுவேன்? என் கொத்தனாரு எந்த மூஞ்சியோட என்னைப் பாப்பான்?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ரஹ்மத் நிஷாவிடம் போய்க் கேட்டபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒப்பந்தத்துல ரெண்டே வழிதான் அண்ணாச்சி. அதிகமா இருக்கிறது குறைபாடுன்னா நீங்க சரிபண்ணணும். கூடுதல் வேலைன்னா முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கணும். தானா வந்ததுக்கு இடமே இல்லை."

"அதுக்கு நாம என்ன செய்ய?"

"வளருறது நிக்கட்டும். நின்னாத்தான் நான் அளக்க முடியும்."

பங்குனி கடைசியில் பாலம் சின்ன ஓடையைத் தாண்டியது, மெல்லச் சரிந்து இறங்கியது, கல்லத்திக்குடியின் முகப்பில் இருந்த பூலம்மாளின் எலுமிச்சைத் தோட்டத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே, ஒரு இலையையும் கசக்காமல் தரையைத் தொட்டது. மறுநாள் வளரவில்லை. அதற்கு மறுநாளும் வளரவில்லை. ரஹ்மத் நிஷா வந்து நுனியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், மற்ற கான்கிரீட்டைப்போல அதுவும் குளிர்ந்திருந்தது. கல்லத்திக்குடிக்காரர்கள் பாயசம் வைத்தார்கள். ஏணியை என்ன செய்வது என்று தெரியாமல் இளவட்டங்கள் அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே கோட்டப் பொறியாளர் நேரில் வந்தார். விறைப்பான மனிதர், ஆனால் குடையை விரித்துக்கொண்டு முழு நீளத்தையும் நடந்தே பார்த்தார். பின்னாலேயே ரஹ்மத் நிஷா, பரஞ்சோதி, கிராம நிர்வாக அலுவலர் சங்கரலிங்கம், அவர்களுக்குப் பின்னால் இரண்டு ஊர். தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் பூலம்மாள் கயிற்றுக்கட்டிலை எடுத்துப் போட்டு, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தார். அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கோட்டப் பொறியாளர் பேசினார்.

"பரஞ்சோதி, இது உம்முடையதா?"

"இல்லை சார். கரை வரைக்கும்தான் நான் கட்டினது."

"துறையுடையதும் இல்லை. நாங்க காசு கொடுக்கலை, கொடுக்கவும் முடியாது. சொந்தக்காரன் இல்லாத ஒண்ணு அரசாங்கப் பாலத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. நான் என்ன எழுதட்டும்?"

காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பூலம்மாள்தான் கேட்டார்: "சார், என் கொல்லையில பூசணி படர்ந்தா, அது யாருது?"

"உன்னுது."

"வேர் பக்கத்து வீட்டுல இருந்தா?"

கோட்டப் பொறியாளர் குடையை மடக்கினார். கூட்டத்திலிருந்து ஒரு வயல்காரர், "எங்க வரப்புல ஊன்றின தூணு எங்களுது சார்," என்றார். இன்னொருவர், "எங்க வரப்புல மூணு தூணு," என்று கணக்குச் சொன்னார். பாலம் தங்கள் வயலைத் தொடாமல் போன வருத்தத்தில் இருந்தவர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கோட்டப் பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சங்கரலிங்கத்தைப் பார்த்தார். எந்த நிலத்தில் எந்தப் பருவத்தில் என்ன விளைந்தது என்று அடங்கலில் எழுதுவது அவருடைய வேலை.

"என்னய்யா, உம்ம பதிவேட்டுல இதை ஏத்த முடியுமா?"

சங்கரலிங்கம் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர். பாலத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஐப்பசி மழையில வேகமா வளந்திருக்கு, பங்குனியில முத்தியிருக்கு. யாரும் தண்ணி பாய்ச்சலை, அதனால மானாவாரி," என்று தமக்குள் சொல்லிக்கொண்டே அந்த இடத்திலேயே உட்கார்ந்து, வயல் வயலாக, சர்வே நம்பர் சர்வே நம்பராக எழுதினார். பயிர்: பாலம். விளைச்சல்: நன்று.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. விளைந்தது ஊர்க்காரர்களின் உடைமை என்று ஆனதால், அதை வெட்டச் சொல்லத் துறைக்கு உரிமையில்லை. கரைவரைக்கும் உள்ள நாற்பத்தைந்து மீட்டர் குறித்த தேதிக்குள் முடிந்துவிட்ட வேலை, ஆகையால் அபராதமும் இல்லை. ரஹ்மத் நிஷா ஒப்பந்தப்படி பூர்த்தியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைப் பரஞ்சோதியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். கடைசி பில் பாஸாகி, சிமெண்டுக் கடைப் பாக்கி தீர்ந்து, பத்திரமும் சங்கிலியும் வளையலும் வீட்டுக்கு வந்தன. பிடித்து வைத்த பணம் மட்டும் பராமரிப்புக் காலம் முடிகிறவரை அங்கேயே இருக்கும். அதைப் பற்றிப் பரஞ்சோதி கவலைப்படவில்லை, மாதம் ஒருமுறை விரிசல் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்து டீ குடித்துவிட்டுப் போக அது ஒரு சாக்காக இருந்தது.

பஸ் வந்த நாளில் அவரும் ஜெபக்கனியும் மேலக்கோடனூரில் ஏறி, முன்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. மாலை போட்டிருந்த வண்டி, பாலத்தில் ஊர்ந்து, தட்டான்பாறைச் சரிவுக்கு எதிரே வந்து நின்றது.

"தட்டான்பாறை, கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க," என்றார் கண்டக்டர்.

தட்டான்பாறைக்காரர்கள் இறங்கினார்கள். கல்லத்திக்குடிக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.

"ஏம்மா, உங்களுக்குத் தனியா சொல்லணுமா? ரூட்டு இதோட முடிஞ்சுது. இதுக்கு மேல அரசாங்கப் பாலம் இல்லை."

"தெரியும் தம்பி," என்றார் பூலம்மாள், காலி எலுமிச்சைச் சாக்கை மடியில் மடித்து வைத்துக்கொண்டே. "இதுக்கு மேல எங்க பாலம். நீங்க தாராளமா வரலாம், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடி வழியாக, மஞ்சளும் கறுப்புமாக மலையடிவரை நேரே போகிற பாலத்தைப் பார்த்தார். கியரைப் போட்டார்.

தாம் ஊற்றிய கான்கிரீட் முடிந்து மற்றது ஆரம்பிக்கிற இடத்தைச் சக்கரம் தாண்டும்போது ஒரு குலுங்கல் இருக்கும் என்று பரஞ்சோதி எதிர்பார்த்தார். எத்தனை நன்றாகச் சேர்த்தாலும் இரண்டு கான்கிரீட் சேருகிற இடம் உடம்புக்குத் தெரிந்துவிடும், இருபது வருஷத் தொழிலில் அது அவருக்குத் தெரியாமல் போனதே இல்லை. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி, இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தார். ஜன்னல் வழியாக எலுமிச்சை இலையின் வாசம் அடித்தது. ஜெபக்கனி அவர் தோளைத் தொட்டு, "என்ன கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீக, இறங்குங்க, ஊரு வந்துட்டு," என்றார்.